லாரியிலேயே இறுகியது, தூணில் மறுநாள் வரை செட் ஆகவில்லை: அட்மிக்சர் என்ன செய்கிறது?

கொங்குப்பொறியாளன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவை பக்கம் ஒரு அடுக்குமாடி வேலை. எம்30 கான்கிரீட், ஆர்.எம்.சி. (ரெடிமிக்ஸ்) பிளாண்டிலிருந்து லாரியில் வருகிறது. சிமெண்ட் ஓபிசி 53 கிரேடு, கூட ஃபிளை ஆஷ். மணல் முழுக்க எம்-சாண்ட், கல்லை உடைத்துச் செய்வது. அட்மிக்சர், அதாவது கலவையில் கொஞ்சமாகச் சேர்க்கும் ரசாயனம், பிசிஇ வகை (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்குவது). செட் ஆவதைத் தள்ளிப்போடும் ரிடார்டரும் சேர்த்துக் கலந்து விற்பது.

பிளாண்டில் ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) 150 மி.மீ.க்கு மேல் இருந்திருக்கிறது. சைட்டுக்கு வந்து இறக்கும்போது 60 கூட இல்லை. தூரம் அதிகமில்லை, வெயில்தான் கடுமை. டிரைவர் கேனில் வைத்திருந்த அதே அட்மிக்சரை டிரம்மில் ஊற்றிச் சுற்றினார். ஸ்லம்ப் திரும்பி வந்தது, தூண்களில் போட்டு வைப்ரேட்டர் விட்டு முடித்தோம்.

மறுநாள் காலை ஷட்டர் கழற்றப் போன பையன் பாதியில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். தூண் தலையில் ஆணியால் கீறினால் கோடு விழுகிறது. ஓரத்தை விரலால் அழுத்தினால் ஈரமாக உதிர்கிறது. ஒரு தரப்பு உடைத்துவிட்டு மறுபடி போடலாம் என்கிறது, கன்சல்டன்ட் பொறுக்கச் சொல்கிறார்.

எனக்குப் புரியாதது இதுதான். முக்கால் மணி நேரத்தில் இறுகிப்போகிற கலவை, மறுநாள் காலை வரை செட் ஆகாமல் எப்படி இருக்கும்? இரண்டும் நேர் எதிர் கோளாறு இல்லையா?

---

சாரம் எழுதியது:

தம்பி, முதலில் ஷட்டரைத் தொடாதீங்க. ஈரச் சாக்கு சுற்றி விடுங்க, வெயில் படாமல் பாருங்க. ரிடார்டர் அதிகமாகி லேட்டாக செட் ஆன தூண்களை நான் நிறையப் பார்த்திருக்கேன், அவசரப்பட்டு உடைத்ததில் பாதி உடைத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் சைட்டில் கேனிலிருந்து அளவில்லாமல் ஊற்றுவதை யார் அனுமதித்தாங்க என்று கேளுங்க. பிளாண்டில் எடை போட்டு விடுகிற பொருளை இங்கே கையளவில் ஊற்றினால் எத்தனை சதவீதம் போச்சு என்று யாருக்குமே தெரியாது. தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிஞ்சு போச்சு, அதனால் இப்போ அட்மிக்சரை ஊற்றுறாங்க. அவ்வளவுதான் மாற்றம்.

---

வெப்பக்கோடு எழுதியது:

கொங்குப்பொறியாளன், உங்கள் கடைசிக் கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் ஒரு சிமெண்ட் ஆய்வுக்கூடத்தில் கலோரிமீட்டர் பார்க்கிறவன். சிமெண்டில் தண்ணீர் பட்டதிலிருந்து எவ்வளவு சூடு வெளிவருகிறது என்று அந்தக் கருவி நிமிடத்துக்கு நிமிடம் கோடு போடும்.

ஸ்லம்ப் குறைவதும் செட் ஆவதும் வெவ்வேறு வினைகள். சைட்டில் இரண்டையுமே 'இறுகிருச்சு' என்று சொல்வதால் ஒன்றாகத் தோன்றுகிறது.

சிமெண்டில் இருக்கும் தாதுக்களில் முதல் நாளுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று சி3எஸ், அதாவது டிரைகால்சியம் சிலிகேட். ஓபிசியில் பாதிக்கு மேல் இதுதான். பலம் தருவது இது. இன்னொன்று சி3ஏ, டிரைகால்சியம் அலுமினேட். 5 முதல் 10 சதவீதம்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் பட்ட நொடியே பாயும். அதை அப்படியே விட்டால் சில நிமிடங்களில் கலவை சூடாகி விறைத்துவிடும். அதனால்தான் கிளிங்கரை (சூளையிலிருந்து வரும் சிமெண்ட் கட்டியை) அரைக்கும்போது ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சத்தின் சல்ஃபேட் அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகமாகிறது, அலுமினேட்டின் வேகம் அடங்குகிறது.

கலோரிமீட்டர் கோட்டில் இதெல்லாம் தெளிவாகத் தெரியும். தண்ணீர் ஊற்றியதும் ஒரு கூர்மையான ஏற்றம். அப்புறம் ஒன்று முதல் மூன்று மணி நேரம் கோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும். நாம் லாரியில் ஏற்றுவது, கொண்டுபோவது, போடுவது எல்லாம் இந்த நேரத்துக்குள்தான். அதன் பிறகு சிலிகேட் வினை கிளம்பி, சுமார் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் ஒரு பெரிய மேடு எழும்பும். செட்டிங் நடப்பது அந்த மேட்டின் ஏறுமுகத்தில். ஜிப்சம் சரியான அளவில் இருந்தால், சல்ஃபேட் தீர்ந்து அலுமினேட் மறுபடி கிளம்புவது இந்த மேட்டுக்குப் பிறகுதான் நடக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குள் அட்மிக்சரை விடுகிறோம். அது சிமெண்ட் துகளின் மேல் போய் ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறது. எங்கே ஒட்டுகிறது, எவ்வளவு ஒட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் லாரியில் முதலில் நடந்தது அலுமினேட் பக்கத்துக் கோளாறாக இருக்கலாம். வெயிலில் கலவை சூடாகி, சி3ஏ வேகமாகி, அட்மிக்சரின் பெரும்பகுதியை அந்த இளம் எட்ரிங்கைட்டே இழுத்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் மிச்சம் இல்லை, ஸ்லம்ப் விழுந்தது. பிறகு டிரைவர் கேனிலிருந்து ஊற்றினார். அந்த நேரத்தில் அலுமினேட்டின் முதல் பாய்ச்சல் முடிந்துவிட்டது. அதனால் புதிதாக ஊற்றியதை அது அதிகம் உறிஞ்சவில்லை. பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கி, சிலிகேட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நிமிடம் தள்ளி அட்மிக்சரைச் சேர்த்தாலே, அதே அளவுக்கு செட்டிங் பல மணி நேரம் தள்ளிப்போவது உண்டு. லிக்னோசல்ஃபோனேட் என்ற பழைய வகை அட்மிக்சரில் இது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். நீங்கள் முக்கால் மணி நேரம் தள்ளி, அதுவும் ரிடார்டர் கலந்ததை ஊற்றியிருக்கிறீர்கள்.

ஆக, ஸ்லம்ப் குறைந்தது ஒரு வினையால். அதற்கு மருந்தாக ஊற்றியது போய் அடித்தது இன்னொரு வினையை. ஸ்லம்புக்காக சைட்டில் ஏதாவது ஊற்றியே ஆக வேண்டும் என்றால், ரிடார்டர் கலக்காத தனிப் பிசிஇயை, பிளாண்ட் எழுதிக்கொடுத்த அளவில், அளவுக் குவளையில் எடுத்து ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு டிரம்மை வேகமாகச் சில நிமிடம் சுற்றுங்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு, அது மோசமானது. சிமெண்டில் கரையக்கூடிய சல்ஃபேட் போதாமல் போனால், அலுமினேட் மேடு சிலிகேட் மேட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். அப்படி வந்தால் கரைசலில் கலக்கும் அலுமினியம் சிலிகேட் வினையை அமுக்குகிறது. கலவை சீக்கிரம் விறைக்கும், ஆனால் பலம் ஏறாது. கேனிலிருந்து எதுவுமே ஊற்றாமலேயே, ஒரே லாரியில், நீங்கள் சொன்ன இரண்டும் வரும். உங்கள் சைட்டில் எது நடந்தது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். அந்த வாரம் சிமெண்ட் மாறியதா என்று பிளாண்டில் கேளுங்கள்.

---

கொங்குப்பொறியாளன் எழுதியது:

சார், கேட்டேன். மாறியிருக்கிறது. வேறு ஆலைச் சிமெண்ட், கிரேடு அதேதான். 'சர்டிஃபிகேட் சரியாக இருக்கிறதே, இனிஷியல் செட்டிங், ஃபைனல் செட்டிங் எல்லாம் ஐஎஸ் (இந்தியத் தரநிலை) அளவுக்குள்தானே' என்கிறார்கள். ஒரே கிரேடு சிமெண்டில் இவ்வளவு வித்தியாசம் வருமா?

---

வெப்பக்கோடு எழுதியது:

வரும். அந்தச் சர்டிஃபிகேட்டில் இருக்கும் செட்டிங் நேரம் விக்காட் ஊசியில், அதாவது கூழில் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்று வைத்துப் பார்த்தது. சிமெண்டும் தண்ணீரும் மட்டும், 27 டிகிரி அறையில். இனிஷியல் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, ஃபைனல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அதில் அட்மிக்சரும் இல்லை, ஃபிளை ஆஷும் இல்லை, உங்கள் ஊர் வெயிலும் இல்லை.

கிரேடு என்பது 28 நாள் பலத்தைச் சொல்கிறது. சி3ஏ எவ்வளவு, எவ்வளவு நைசாக அரைத்தார்கள், காரம் எவ்வளவு, ஜிப்சம் எந்த வடிவில் இருக்கிறது, இதையெல்லாம் சொல்லாது. ஜிப்சத்தின் வடிவம் ரொம்ப முக்கியம். அரவை ஆலையில் சூடு 100 டிகிரிக்கு மேல் போனால் ஜிப்சம் தண்ணீரை இழந்து ஹெமிஹைட்ரேட் ஆகும், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அது அதிகமானால் கலந்த கொஞ்ச நேரத்தில் விறைப்பு வரும். தண்ணீர் ஊற்றாமல் மறுபடி நன்றாகக் கலக்கினால் இளகிவிடும். இதற்கு ஃபால்ஸ் செட் என்று பெயர், பெரிய ஆபத்து இல்லை.

எதிர்ப்பக்கம் இயற்கை அன்ஹைட்ரைட், அதாவது தண்ணீர் சேராத கால்சியம் சல்ஃபேட். அது மெதுவாகக் கரையும். வெறும் தண்ணீரில் சமாளித்துவிடும். லிக்னோசல்ஃபோனேட் போன்றவை சேர்ந்தால் அன்ஹைட்ரைட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் கரைதலை இன்னும் மந்தமாக்கும். அலுமினேட்டை அடக்க சல்ஃபேட் வந்து சேராது. ரிடார்டரைப் போட்டதாலேயே கலவை சட்டென்று விறைக்கிற விசித்திரம் இப்படித்தான் வருகிறது. சிமெண்டும் நல்லது, அட்மிக்சரும் நல்லது. இரண்டும் சேரும்போது ஆகவில்லை.

சென்னை ஐஐடியில் சிமெண்ட்–அட்மிக்சர் பொருத்தத்தைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மார்ஷ் கோன் வைத்துப் பார்ப்பது அதில் எளிய வழி. சிமெண்ட் கூழை ஒரு புனலில் ஊற்றி வடியும் நேரத்தைக் குறித்து, அட்மிக்சர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் வடியும் நேரம் குறையாது. அதுதான் அந்தச் சிமெண்டுக்கு அந்த அட்மிக்சரின் எல்லை. அதையே ஒரு மணி நேரம் கழித்தும் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நன்றாக ஓடி ஒரு மணி நேரத்தில் ஓடாத ஜோடி, உங்கள் சைட்டுக்கு ஆகாத ஜோடி.

---

மேஸ்திரிமகன் எழுதியது:

ஒரு சந்தேகம். பழைய சுண்ணாம்புக் காரையில் கருப்பட்டியும் கடுக்காயும் போட்டார்கள், கட்டடம் இன்னும் நிற்கிறது. அதை நம்பி எங்கள் ஊரில் ஒருவர் சிமெண்ட் பூச்சுக் கலவையிலும் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றினார். நாளெல்லாம் இறுகவே இல்லை, சுவரிலிருந்து வழிந்துவிட்டது. சுண்ணாம்புக்கு நல்லது சிமெண்டுக்கு ஏன் ஆகவில்லை?

---

அலைட் எழுதியது:

மேஸ்திரிமகன் அண்ணா, நான் இந்தத் துறையில் ஆராய்ச்சி மாணவி. சுண்ணாம்புக் காரை முக்கியமாகக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் கல்லாகிறது. அது வாரக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிற வேலை. அங்கே சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைக்கும், காரையைக் குழைவாக்கும். சில மணி நேரம் தாமதம் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. சிமெண்ட் காற்றுக்குக் காத்திருப்பதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினையைத்தான் சர்க்கரை பிடித்து நிறுத்துகிறது. கடுக்காயின் டானினும் சிமெண்டைத் தாமதப்படுத்தும் இனம்தான்.

எவ்வளவு குறைவான அளவு போதும் என்று பாருங்கள். சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை சுமார் 4 மணி நேரம் செட்டிங்கைத் தள்ளிப்போடும். 50 கிலோ மூட்டைக்கு அது 25 கிராம். 0.2 சதவீதம், அதாவது மூட்டைக்கு 100 கிராமிலிருந்தே செட்டிங் ஏறக்குறைய நின்றுவிடலாம். 1 சதவீதம் போனால் சொல்லவே வேண்டாம். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அவர் ஒரு மூட்டைக்குக் கால் கிலோ கரைத்திருந்தாலும் 0.5 சதவீதம் ஆகிவிடும்.

எப்படி நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சி3எஸ் கரைந்து கால்சியமும் சிலிகேட்டும் தண்ணீரில் சேர்கின்றன. பிறகு சி-எஸ்-எச் (கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்) என்ற பசை நுண்ணிய கருக்களாகத் தோன்றி வளர்கிறது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு படிகம். சர்க்கரை மூலக்கூறு அந்த இளம் கருக்களின் மேல் ஒட்டி, வளரவிடாமல் செய்கிறது. கரைதல் நடக்கிறது, வளர்ச்சி நடக்கவில்லை. கரைசலில் சரக்கு சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் சர்க்கரை அத்தனையும் பிடிபட்டு ஓய்ந்ததும், வினை வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்புகிறது. கலோரிமீட்டர் கோட்டில் மேடு தள்ளிப்போயிருக்கும், ஆனால் பெரும்பாலும் குள்ளமாகிவிடாது, சில சமயம் சாதாரணத்தைவிட உயரமாகவே இருக்கும். 1980களில் தாமஸும் பெர்சலும் சர்க்கரையைப் பற்றிச் செய்த ஆய்வில் இதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாச் சர்க்கரையும் இப்படி இல்லை என்பதுதான் வியப்பு. காளானில் இருக்கும் டிரெஹலோஸும் சுக்ரோஸ் போலவே இரட்டைச் சர்க்கரைதான், ஆனால் சிமெண்டை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. கால்சியத்தைப் பிடிக்கும் வாகு அதற்கு இல்லை.

அந்தப் படுத்துக் கிடக்கும் நேரம் ஏன் வருகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் நீண்ட விவாதம் உண்டு. துகளைச் சுற்றி ஒரு மெல்லிய தடுப்புப் படலம் உண்டாகிறது என்பது பழைய விளக்கம். கரைசலில் செறிவு ஏறியதால் கரையும் வேகமே விழுந்துவிடுகிறது, படலம் என்று ஒன்று தேவையில்லை என்பது 2010 வாக்கில் ஜூயான், ஸ்கிரைவனர் போன்றவர்கள் முன்வைத்தது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ரிடார்டரைப் புரிந்துகொள்ளவும் அதுவே எளிது: கரு வளர்ந்தால்தான் கரைசலின் செறிவு இறங்கும், செறிவு இறங்கினால்தான் மறுபடி வேகமாகக் கரையும். அந்தச் சுற்றைத்தான் சர்க்கரை அறுக்கிறது.

---

சாரம் எழுதியது:

அலைட் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புது மரப்பலகையில் சென்ட்ரிங் அடித்தால், பலகை பட்ட முகம் மட்டும் மாவு மாதிரி உதிரும். பெரியவங்க முதலில் பலகைக்குச் சுண்ணாம்போ சிமெண்ட் பாலோ அடித்துக் காயவிட்டுக் கழுவுவாங்க. மரத்திலிருந்து இறங்குகிற சர்க்கரையும் டானினும்தான் காரணம் என்று பிறகு தெரிஞ்சுகிட்டேன். ஒருமுறை அடித்துப் பழகிய பலகையில் அந்தத் தொல்லை வராது.

லாரி ரிப்பேராகி நடுவழியில் நின்னால் டிரம்முக்குள்ளேயே கல்லாகாமல் இருக்க சர்க்கரை போடுவதும் உண்டு. ஆனால் அந்தக் கலவையை எடுத்து வேலையில் போடக் கூடாது. கொட்டத்தான் வேண்டும்.

---

வடமுனை எழுதியது:

நான் நோர்வேயில் சுரங்கப்பாதை வேலையில் இருக்கிறன். உங்களுக்கு வெயில் பிரச்சினை, எங்களுக்குக் குளிர். சீமெந்தின் வேகம் வெப்பத்தோடு எப்படி மாறும் எண்டால், 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. அதே கணக்கு இறங்குமுகத்திலும். 5 டிகிரியில் போட்ட கொங்கிறீற் அடுத்த நாளும் பச்சையாகத்தான் கிடக்கும்.

இங்கே கல்சியம் நைத்திரேற்று பயன்படுத்துவார்கள். நோர்வேயில் உர ஆலைகளிலேயே பெருமளவில் உற்பத்தியாகிற பொருள், சீமெந்தில் அதன் வேலையைப் பற்றி இந்த நாட்டிலேயே நல்ல ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. செற்றிங்கை முன்னுக்குக் கொண்டுவரும். முதல் நாள் பலத்தைப் பெரிதாக உயர்த்தாது, அந்த வேலைக்குக் கல்சியம் குளோரைட்டு மாதிரி வராது. ஆனால் கம்பியைத் தின்னாது, அரிப்பைத் தடுக்கவும் உதவும்.

வெப்பக்கோடு அண்ணை சொன்ன இரண்டு வினை விஷயத்துக்கு எங்கட சுரங்க வேலை நேரடி உதாரணம். பாறையில் கொங்கிறீற்றை விசிறி அடிக்கிறம். தலைக்கு மேலே ஒட்டின கொங்கிறீற் கீழே விழக் கூடாது, சில நிமிடத்திலேயே விறைக்க வேணும். முந்தி சோடியம் சிலிக்கேற்றுக் கரைசல் விட்டார்கள், கைக்கும் கண்ணுக்கும் கூடாது, கடைசிப் பலமும் குறையும். இப்ப அலுமினியம் சல்பேற்றை அடிப்படையாகக் கொண்ட காரமில்லாத ஆக்சிலரேற்றர் (விறைப்பை வேகப்படுத்துறது). விசிறும் குழாயின் வாயிலேயே கலக்குது. உடனே எட்ரிங்கைற்று ஊசிகள் பின்னிக்கொள்ளும், அதுதான் அந்த முதல் விறைப்பு. பலம் தருகிற சிலிக்கேற்று வினை அதற்குப் பிறகு தன்ரபாட்டில்தான் நடக்கும். விறைச்சுப் போச்சு எண்டு நம்பி அடியில் போய் நிண்டு ஆக்கள் செத்த விபத்துகள் உலகத்தில் நடந்திருக்கு. விறைப்பு வேறை, பலம் வேறை. அதனால் பலத்தை ஊசி குத்தி அளந்து பார்க்காமல் ஒருத்தரையும் உள்ளே விடுறதில்லை.

---

சாரம் எழுதியது:

குளோரைடு பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். சீக்கிரம் ஷட்டர் கழற்ற வேண்டும் என்று சிலர் கால்சியம் குளோரைடு பவுடர் வாங்கிப் போடுறாங்க. மலிவு, வேலையும் செய்கிறது. முழுக்கவே தப்பா?

---

வெப்பக்கோடு எழுதியது:

அண்ணே, கம்பி இருக்கும் கான்கிரீட்டில் வேண்டவே வேண்டாம். ஆக்சிலரேட்டராக அதற்கு ஈடு கிடையாது என்பது உண்மை. 1873லிருந்தே பயன்பாட்டில் இருந்ததற்குப் பதிவு உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த வி.எஸ். ராமச்சந்திரன் அதன் வேதியியலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். சிமெண்ட் எடையில் 2 சதவீதம் வரை போட்டு சி3எஸ் வினையை வேகமாக எழுப்பிவிடலாம். ஆனால் குளோரைடு கம்பியின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை உடைக்கிறது. பிரிட்டனில் 1977ல் கம்பி கான்கிரீட்டில் இதை விலக்கினார்கள். நம் ஐஎஸ் 456:2000 கம்பி கான்கிரீட்டில் கன மீட்டருக்கு மொத்தக் குளோரைடு 0.6 கிலோ வரைதான் அனுமதிக்கிறது, கம்பியை இழுத்து இறுக்கிப் போடும் பிரிஸ்ட்ரெஸ் என்றால் 0.4. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட் என்றால், 2 சதவீதம் கால்சியம் குளோரைடு 7 கிலோ. அதில் குளோரைடு மட்டும் சுமார் 4.5 கிலோ. அனுமதியைப் போல ஏழு மடங்கு.

பெயர் போடாத பாக்கெட்டில் 'குயிக் செட்' என்று விற்பதை வாங்கினால், குளோரைடு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, டிரைஎத்தனாலமைன். பல கலவை அட்மிக்சர்களில் கொஞ்சம் இருக்கும். 0.02 சதவீதத்தில் ஆக்சிலரேட்டர், 0.25 சதவீதத்தில் ரிடார்டர் போல நடக்கும், 1 சதவீதம் போனால் சட்டென்று விறைக்க வைக்கும். அளவை மாற்றினால் குணமே மாறுகிற பொருள் இது. கேனிலிருந்து கையளவில் ஊற்றுவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

கொங்குப்பொறியாளன் எழுதியது:

தூண்கள் பற்றி: ஷட்டரோடு ஈரச் சாக்கில் விட்டோம், உடைக்கவில்லை. மெதுவாக இறுகியது. பக்கத்திலேயே அதே லாரிக் கலவையில் பலம் சோதிக்கப் போட்டு வைத்திருந்த க்யூப்கள் இருந்ததால் கன்சல்டன்ட் அதை வைத்துத்தான் முடிவெடுத்தார். 7 நாள் பலம் கொஞ்சம் பின்தங்கியது, 28 நாளில் எம்30க்குத் தேவையானதைத் தாண்டிவிட்டது.

அதற்கிடையில் பிளாண்ட் ஆட்களோடு உட்கார்ந்து பழைய சிமெண்ட், புதுச் சிமெண்ட் இரண்டையும் அதே அட்மிக்சரோடு மார்ஷ் கோனில் விட்டோம். ஐந்து நிமிடத்தில் இரண்டும் ஒரே மாதிரி. ஒரு மணி நேரத்தில் புதுச் சிமெண்ட் கூழ் சொட்டுச் சொட்டாக வடிந்தது. எம்-சாண்டையும் சந்தேகப்பட வேண்டுமா? கழுவாத மணல்தான் வருகிறது.

---

வெப்பக்கோடு எழுதியது:

கூழிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டதால் முதல் சந்தேகம் சிமெண்ட்–அட்மிக்சர் பொருத்தம்தான். ஆனால் மணலையும் விடாதீர்கள். எம்-சாண்டில் 75 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள் 15 சதவீதம் வரை ஐஎஸ் 383ல் அனுமதி உண்டு. அந்தத் தூள் வெறும் கல் தூளாக இருந்தால் பெரிய தொல்லையில்லை. களிமண், அதிலும் மாண்ட்மோரிலோனைட் வகை இருந்தால் பிசிஇக்கு எமன். பிசிஇ மூலக்கூறில் நீண்ட பக்கச் சங்கிலிகள் இருக்கின்றன. துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்கி வைப்பவை அவைதான். அந்தச் சங்கிலிகள் களிமண்ணின் அடுக்குகளுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். சிமெண்டுக்குப் போய்ச் சேராது. பழைய நாப்தலின் வகைக்கு, அதாவது எஸ்என்எஃப்க்கு, இந்தப் பாதிப்பு குறைவு. கழுவாத மணலில் சில பிளாண்டுகள் எஸ்என்எஃப்பை விடாமல் வைத்திருப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. மெத்திலீன் புளூ சோதனை செய்தால் களிமண் எவ்வளவு என்று தெரியும்.

அப்புறம், விலை உயர்ந்த கருவி இல்லாமலே நான் சொன்ன கோட்டைப் பார்க்க ஒரு வழி. சைட் கலவையிலிருந்து ஜல்லியைச் சலித்து எடுத்துவிட்டு, காரையை ஒரு பிளாஸ்டிக் கப்பில் நிரப்பி, தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். நடுவில் வெப்ப உணரியைச் செருகி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கிற லாகரில் இணைத்து 24 மணி நேரம் விடுங்கள். ஏஎஸ்டிஎம் சி1753 என்ற அமெரிக்கத் தரநிலை இந்த முறைக்கான வழிகாட்டிதான். சாதாரண அட்மிக்சர் அளவு, அதன் ஒன்றரை மடங்கு, அட்மிக்சர் இல்லாதது என்று மூன்று கப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். மேடு சில மணி நேரம் தள்ளி வந்து, உயரம் சரியாக இருந்தால் அது வெறும் தாமதம். பெரிய மேட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கூர் எழுந்து, அப்புறம் பெரிய மேடு சப்பையாகிவிட்டால் சல்ஃபேட் போதவில்லை என்று பொருள். அந்தக் கலவைக்கு அளவைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை, சிமெண்டையோ அட்மிக்சரையோ மாற்றுங்கள். சோதனையை சைட்டின் சூட்டிலேயே செய்யுங்கள். 27 டிகிரியில் நல்ல பிள்ளையாக இருக்கும் கலவை 38 டிகிரியில் அப்படி இருப்பதில்லை.

---

அச்சுவார்ப்பு எழுதியது:

இழையை முழுக்கப் படித்தேன். எங்கள் தேவை எதிர்ப்புறம். பிரீகாஸ்ட் யார்டு, கான்கிரீட் துண்டுகளை அச்சில் வார்த்து அனுப்புவது. மறுநாள் காலைக்குள் அச்சைக் கழற்ற வேண்டும். இப்போது நீராவியில் வேகவைக்கிறோம், எரிபொருள் செலவு தாங்கவில்லை. சி-எஸ்-எச் விதை என்று ஒன்று விற்கிறார்களே, அது குளோரைடு மாதிரி ஏதாவது பின்விளைவு தருமா?

---

அலைட் எழுதியது:

குளோரைடு போல கம்பியைத் தாக்கும் பொருள் அதன் அடிப்படையில் இல்லை. சிமெண்ட் தானே உண்டாக்குகிற சி-எஸ்-எச் பசையை முன்கூட்டியே நானோ அளவில் தயாரித்துத் திரவத்தில் மிதக்கவிட்டதுதான் அது. வழக்கமாக அந்தப் பசை சிமெண்ட் துகளின் மேல்தான் முளைக்கத் தொடங்கும். விதை போட்டால் துகள்களுக்கு இடையிலுள்ள தண்ணீரிலும் வளர இடம் கிடைக்கிறது, புதுக் கரு உண்டாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. படுத்துக் கிடக்கும் நேரம் சுருங்கும், மேடு முன்னால் வரும், உயரமாகவும் வரும். 2009ல் ஜெஃப்ரி தாமஸ், ஜென்னிங்ஸ், சென் மூவரும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

நீராவியைவிட இதில் ஒரு நன்மை, கான்கிரீட்டை 70 டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டியதில்லை. அந்தச் சூட்டைத் தாண்டினால் எட்ரிங்கைட் நிலைக்காமல் போய், பல மாதம் கழித்து ஈரத்தில் மறுபடி உண்டாகி விரிசல் தரும் அபாயம் உண்டு.

விலை அதிகம் என்பதால் நீராவியை முழுக்க நிறுத்தாமல், சூட்டையும் நேரத்தையும் குறைத்து இதைச் சேர்த்துப் பாருங்கள். மழைக்காலக் குளிர்ந்த இரவுகளில் வித்தியாசம் அதிகமாகத் தெரியும். இப்போது போடும் பிசிஇ எது என்று முதலில் பாருங்கள். ஆர்.எம்.சி.க்காக ஸ்லம்பை நீட்டித்து வைக்கும் வகை என்றாலோ அதில் குளுக்கோனேட் என்ற ரிடார்டர் கலந்திருந்தாலோ, விதையால் கிடைப்பதை அது தின்றுவிடும். பிரீகாஸ்டுக்கென்றே செய்த, பக்கச் சங்கிலி நீண்ட, செட்டிங்கை அதிகம் தள்ளாத பிசிஇயோடு சேர்த்து வெப்பக்கோடு சார் சொன்ன கப் சோதனையை வையுங்கள். மேட்டின் நேரத்தையும் 12 மணி நேர க்யூப் பலத்தையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.